முழம் போட்டு விற்ற யானை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு என்று சொல்லும்படி காடு இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் பசுந்தீனி தின்னும். நூறு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். இறைத்தால்தான் நீர் என்ற இந்தக் கிணற்று மண்ணில் ஒரு யானைக் கூட்டம் ஒரு கோடையைத் தாண்டாது. இருந்தும், 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் யானை வாங்கப் புறப்பட்ட வியாபாரிகள் தேடி வந்தது யாழ்ப்பாணத்துக்குத்தான். சரக்கு விளையாத ஊரில் சந்தை கூடியது.

யானை வந்தது தெற்கிலிருந்து, பரவைக்கடலுக்கு அப்பால் கிடந்த வன்னிக் காட்டிலிருந்து. விற்றவர்கள் முதலில் நல்லூர் அரசர்கள், பிறகு போர்த்துக்கேயர், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. அந்நியர் ஆட்சிக் காலத்தை நாங்கள் பெரும்பாலும் கோட்டை, கோயில் இடிப்பு, மதமாற்றம் என்ற வரிசையில்தான் படித்திருக்கிறோம். அவையெல்லாம் நடந்தவை. ஆனால் யானையின் காலடியைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொன்றும் தெரியவரும். குடாநாடு ஒரே வீச்சில் பிடிபட்டது. அதை ஒட்டிக் கிடந்த வன்னி நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிடி கொடுக்கவில்லை. காரணத்தைத் தேட வேண்டிய முதல் இடம் நிலம்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், ஆழங்குறைந்த கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. வெடிப்பும் பொந்துமான இந்தக் கல்லின் மேல் மழை விழுந்தால் ஓடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். அதனால் வற்றாத ஆறு இல்லை, கிணறு உண்டு. இறங்கிய நன்னீர் கீழே நிற்கும் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதனோடு முழுதாகக் கலக்காமல், நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நிலநீர் படித்தவர்கள் இதை நன்னீர் வில்லை என்பார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும் என்பது வலிகாமத்துத் தோட்டக்காரனுக்குப் படிக்காமலே தெரியும். கிணறு இருந்தால் தோட்டம், தோட்டம் இருந்தால் வேலி, வேலி இருந்தால் உரித்துக்காரன். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி, தீவுகள் என்று எங்கும் குடிகள் நெருக்கமாக, ஓரிடத்தில் நிலைத்திருந்தார்கள். ஆளையும் காணியையும் எண்ணி எழுதி வரி கேட்க இதைவிடத் தோதான பூமி கிடையாது.

வன்னியின் உட்பகுதி இதற்கு நேர்மாறு. அங்கே அடியில் பழைய கருங்கற் படுகை. மழைநீர் ஆழமாக இறங்காது. குளம் கட்டித்தான் தேக்க வேண்டும். குளக்கட்டு உடைந்தால் ஊர் கலையும், சில வருடத்தில் வயலில் காடு ஏறும். காய்ச்சல் வேறு. இன்று ஐம்பது குடி இருந்த இடத்தில் பத்து வருடம் கழித்து யானைத்தடம் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்து என்ன எழுதுவது? வன்னியை வன்னியர் என்ற சிற்றரசர்கள் பற்றுப்பற்றாகப் பிரித்து ஆண்டார்கள். பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று நீளும் அந்தப் பற்றுகள் யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் நடுவே எல்லைநிலமாகக் கிடந்தன. யார் பலமாக இருந்தாரோ அவருக்குத் திறை கொடுத்தார்கள். பலம் குறைந்ததும் நிறுத்தினார்கள்.

இந்த இரண்டு நிலத்துக்கும் இடையில்தான் ஆனையிறவுப் பரவை. இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவுத் தண்ணீர். கோடையில் வற்றி உப்புப் பூக்கும். கப்பல் மிதக்க முடியாத, யானை நடந்து கடக்கக்கூடிய கடல் அது.

போர்த்துக்கேயர் குடாநாட்டைப் பிடித்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1560இல் கொன்ஸ்தந்தீனோ த பிரகான்சா படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார்; நிலைக்க முடியாமல் மன்னாரோடு திருப்திப்பட்டுத் திரும்பினார். 1591இல் அந்திரே பூர்த்தாதோ த மென்தோன்சா வந்து புவிராச பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையில் வைத்தார். 1619இல் பிலிப்பே த ஒலிவேறா வந்து சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார். அங்கே அவனுக்கு மரணதண்டனை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததும், தலைநகரை நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றியதும் இதே ஒலிவேறாதான். கோயில் இடிப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தலைநகரை மாற்றியதில் இருந்த வியாபாரக் கணக்கைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். நல்லூர் உள்நாடு, பட்டினம் பரவைக்கடலின் கரை. கோட்டைக்கு முன்னால் தண்ணீர் ஆழமில்லாததால் பெரிய கப்பல் கிட்ட வராது. அது மேற்கே ஊர்காவற்றுறையில் நிற்கும். சரக்கு தோணியில் போய் அங்கே ஏறும். யானையும் சரக்குத்தான்.

சரி, காட்டில் இருக்கும் நாலு தொன் மிருகத்தைச் சரக்காக்குவது எப்படி?

தென்னிலங்கையில் பெரிய மரப்பட்டியைக் கட்டி, நூற்றுக்கணக்கானோர் கூடி, முழுக்கூட்டத்தையும் அதற்குள் துரத்துவார்கள். வடக்கிலும் கிழக்கிலும் வேறொரு கலை இருந்தது. அதைச் செய்தவர்கள் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள். மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்களிலிருந்து பரம்பரையாக வந்தவர்கள். இருவர் போதும். கையில் துவக்கு இல்லை. மான்தோலிலோ எருமைத்தோலிலோ முறுக்கிய வார்க்கயிறு ஒன்றுதான். காற்று எதிரே வீசும்படி யானையின் பின்னால் ஓசைப்படாமல் நெருங்குவார்கள். யானை பின்னங்காலைத் தூக்கும் நொடியில் ஒருவர் சுருக்கை அதில் மாட்டுவார். மற்றவர் கயிற்றின் மறுநுனியை அருகிலுள்ள பெருமரத்தில் சுற்றிவிடுவார். யானை திரும்பிப் பாய்ந்தால் ஒருவர் முன்னே போய்ப் போக்குக் காட்டுவார். அந்தச் சமயத்தில் அடுத்த காலிலும் கயிறு விழும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் இவர்களின் துணிச்சலை வியந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வியக்கத்தான் வேண்டும். பிடித்த யானைக்குப் பேர் வாங்கியது கம்பனி. பிடித்தவர்களில் ஒருவர் பேரைக்கூடச் சரித்திரம் பெரிதாக வைத்துக்கொள்ளவில்லை.

பணிக்கர் யானையைப் பார்க்குமுன்பே அதன் உயரத்தைச் சொல்லிவிடுவார். ஈரமண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கொடியால் அளந்து, அதை இரட்டித்தால் தோள் உயரம் வரும். சுற்றளவு 1.35 மீற்றர் என்றால் யானை ஏறத்தாழ 2.7 மீற்றர். விலங்கியலாளர்கள் பின்னாளில் அளந்து பார்த்தும் இந்தக் கணக்குப் பெரிதாகப் பிழைக்கவில்லை. காரணம் யானைப் பாதத்தின் அமைப்பு. எலும்பைப் பார்த்தால் யானை விரல்நுனியில்தான் நிற்கிறது. குதிகால் மேலே உயர்ந்திருக்கிறது. அந்தக் குதிகாலுக்கும் நிலத்துக்கும் இடையில் கொழுப்பும் நாரிழையமும் சேர்ந்த பெரிய மெத்தை. உடல் பாரம் முழுவதும் அந்த மெத்தையில் பரவுகிறது. ஆகவே பாரம் கூடக்கூடப் பாதமும் அதற்கு ஏற்ற அகலத்தில் வளர்கிறது. 2011இல் லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த மெத்தைக்குள் இருக்கும் ஒரு சிறிய எலும்பு ஆறாவது விரலைப்போல் முண்டு கொடுக்கிறது என்று காட்டினார்கள்.

அதே மெத்தைதான் ஆனையிறவைக் கடக்கவும் உதவியது. யானை காலை ஊன்றும்போது பாதம் விரிகிறது. தூக்கும்போது பாரம் நீங்கிச் சுருங்குகிறது. சுருங்கிய பாதம் சேற்றிலிருந்து இலகுவாகக் கழன்றுவிடும். மாடு புதையும் சேற்றில் யானை போகும். பழக்கிய யானைகளுக்கு நடுவே பிணைக்கப்பட்டு, வன்னி யானைகள் பரவையை நடந்தே கடந்து பச்சிலைப்பள்ளிக்கு ஏறின. அங்கிருந்து மேற்கே பட்டினம். ஊழியக் கடமை என்ற பெயரில் கூலியில்லா வேலை குடிகளின் தலையில் ஏற்கனவே இருந்தது. வழியில் யானைக்கான வேலையும் அதோடு சேர்ந்தது.

இனி விலை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்ற வணிகத் துறவி, இலங்கை மன்னன் யானை வாங்கும் முறையைக் குறித்து வைத்திருக்கிறார்: நிலத்திலிருந்து உயரத்தை அளந்து, முழத்துக்கு இத்தனை பொற்காசு. ஆயிரம் வருடம் கழித்துப் போர்த்துக்கேயரும் அதன்பின் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் இதே முறையில்தான் விற்றார்கள். பூக்காரி மல்லிகைச் சரத்தை முழங்கையில் அளப்பதுபோல யானையை அளந்தார்கள் என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் கணக்கில் ஒரு நுட்பம் இருந்தது. உயரம் ஏற ஏற முழத்துக்கான விலையும் ஏறியது. பெரிய யானை அரிது. படைக்கு வேண்டியதும் பெரிய யானைதான். இலங்கை யானைக்கு உலகம் முழுதும் நல்ல பேர். அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஒனெசிகிரிற்றஸ், இந்த யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை, போரில் மூர்க்கமானவை என்று சொன்னதாகப் பிளினி எழுதினார். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இரத்தின வியாபாரி தவேர்னியே ஒரு படி மேலே போனார்: வேறு நாட்டு யானைகள் இலங்கை யானையைக் கண்டால் தும்பிக்கையைத் தாழ்த்தி வணங்குமாம். நம்ப வேண்டியதில்லை. இப்படியான பேச்சு சந்தையில் விலையை ஏற்றும் என்பதை மட்டும் நம்பலாம்.

விலைப்பட்டியலில் உயரத்தோடு இன்னொன்றும் பார்த்தார்கள், தந்தம். வன்னியில் கொம்புள்ள ஆண் யானையைக் கொம்பன் என்பார்கள். கொம்பில்லாத ஆணை அலியன் என்பார்கள். தென்னிந்தியக் காட்டில் ஆண் யானைகளில் பெரும்பாலானவை கொம்பன்கள். இலங்கையில் நூற்றுக்கு ஏழு தேறுவதே கடினம். ஒரு நாட்டின் ஆண் யானைகள் இப்படிக் கொம்பிழந்து போவானேன்? சிறிய தீவில் தனித்துப்போன கூட்டத்தில் சில மரபணுக்கள் தற்செயலாகவே அருகிவிடும் என்பது ஒரு விளக்கம். பார்த்துப் பார்த்துக் கொம்பன்களையே பிடித்து ஏற்றியதால், பிள்ளை பெற எஞ்சியவை அலியன்களே என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டாயிரம் வருட ஏற்றுமதி ஒரு மிருகத்தின் உடலில் அடையாளம் வைக்காமல் போகாது.

மரபணுவில் வேறொரு புதிரும் இருக்கிறது. ஆசிய யானைகளின் தாய்வழி மரபில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. இரண்டுமே இலங்கையிலும் இருக்கின்றன, கண்டத்திலும் இருக்கின்றன. கடலால் பிரிந்த தீவில் இந்தக் கலப்பு எப்படி? யானை வணிகம்தான் கலக்கியது என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. பனியுகத்தில் கடல் வற்றி நிலப்பாலம் தெரிந்த காலங்களில் கூட்டங்கள் போய்வந்த விளைவு என்று அதன் பின்வந்த ஆய்வுகள் மறுத்தன. வாதம் பின்னவர் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஊர்காவற்றுறையில் யானையைக் கப்பலேற்றும் காட்சியை வோல்ஃப் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் கம்பனி உத்தியோகம் பார்த்தவர் அவர். முன்பெல்லாம் யானையின் உடலைச் சுற்றிப் பாய்ச்சீலையால் கட்டி, இரண்டு பழக்கிய யானைகளுக்கு நடுவே கடலில் நீந்தவைத்து, கப்பலருகே கொண்டுபோய்க் கப்பியால் தூக்குவார்களாம். யானை மிரண்டு அவதிப்படும். பிறகு வேறு வழி கண்டார்கள். தட்டையான அடியுள்ள படகில் பலகை பரப்பி, தளத்திலும் சுற்றிலும் பச்சை இலைகளைக் குவித்துவிடுவார்கள். ஏறும் யானைக்குத் தண்ணீரே கண்ணில் படாது. காட்டுக்குள் நுழைகிறோம் என்று நினைத்து நுழையும். படகு கப்பலோடு சேரும்வரை அதற்கு விஷயம் தெரியாது. அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றில் வடக்கே, வங்காளக் கரைவரை.

இந்த யானைத்துறையின் வாசலில்தான் கடற்கோட்டை நிற்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள் முருகைக்கல்லால் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் றைக்லொவ் வன் கூன்ஸின் தலைமையில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டி பீரங்கிக் குண்டில் உடைந்தது. நாலு பக்கமும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. சரணடைந்தார்கள். அதே ஆண்டு யூனில், மூன்று மாத முற்றுகைக்குப்பின், யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. அந்த இடத்தில்தான் பின்பு ஒல்லாந்தர் ஐங்கோணக் கோட்டையை எழுப்பினார்கள். உள்வேலை 1680இல் முடிந்தது. வெளியரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்று வருடத்தில், 1795இல், ஒரு பெரிய சண்டைகூட இல்லாமல் ஆங்கிலேயர் கையில் போனது. நூறு வருடத்துக்கு மேல் செலவழித்துக் கட்டியதற்கு இதைவிட மோசமான வருமானம் இருக்க முடியாது.

ஒல்லாந்தர் அரசன் அனுப்பிய படை அல்ல. பங்குதாரருக்கு லாபம் காட்ட வேண்டிய கம்பனி. அதனால் அவர்கள் எழுதிக் குவித்தார்கள். குடாநாட்டில் தலைத்தோம்பு, காணித்தோம்பு என்று ஆளையும் நிலத்தையும் தனித்தனியே பதிந்தார்கள். சாயவேர், பனஞ்சிலாகை, புகையிலை, சங்கு எல்லாவற்றுக்கும் கணக்கு. தீவுகளில் கிண்டிய சாயவேரைக் கம்பனிக்கு மட்டும், கம்பனி சொன்ன விலைக்குத்தான் விற்கலாம். ஆள்வதற்கு வழக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஆளுநர் கோர்னெலிஸ் யோவான் சீமொன்ஸின் உத்தரவில், முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் இருந்து பழகிய திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் ஊர்வழக்குகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட அது 1707இல் தேசவழமையாக நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். திருத்தங்களோடு இன்றும் வழக்குமன்றத்தில் நிற்கிறது. 1736இல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியதும் யான் மக்காறா என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதால்தான். எங்கள் அரசர்களின் சரித்திரத்தைப் பிறத்தியான் கேட்டுத்தான் நாங்கள் எழுதி முடித்தோம் என்பது கொஞ்சம் உறுத்தலான விஷயம்.

குடாநாட்டுக்குத் தோம்பும் சட்டமும் கிடைத்தன. வன்னிக்குக் கிடைத்தது கடன்பட்டியல். ஒவ்வொரு வன்னியரும் ஆண்டுக்கு இத்தனை யானை திறையாகக் கொடுக்க வேண்டும் என்று கம்பனி எழுதிவைத்தது. 1697இல் பதவி மாறிப் போகும்போது தளபதி ஹென்றிக் ஸ்வார்டெக்ரோன் தனக்குப்பின் இருப்பவர்களுக்கு எழுதிய நீண்ட குறிப்பில், இந்த யானைப் பாக்கி பற்றிய புலம்பல் வருகிறது. இந்த மனிதர் பின்னாளில் பத்தாவியாவில் கம்பனியின் தலைமை ஆளுநராகவே உயர்ந்தவர். அவராலும் பனங்காமத்துப் பாக்கியை வசூலிக்க முடியவில்லை. டொன் பிலிப் நல்லமாப்பாணர் என்று போர்த்துக்கேயப் பேரையும் தமிழ்ப் பேரையும் சேர்த்து வைத்திருந்த வன்னியர்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள், பணிவாகப் பேசுவார்கள், யானை மட்டும் வராது. காட்டில் யானை அருகிவிட்டது, மழை பிழைத்துவிட்டது, பிடிப்பதற்கு ஆள் இல்லை. எது உண்மை என்று காட்டுக்குள் போய்ப் பார்க்கக் கம்பனியிடம் ஆள் இல்லை. கயிலை வன்னியன் போன்றவர்கள் சாக்குச் சொல்லும் சிரமத்தைக்கூட எடுக்காமல் திறை மறுத்தார்கள். கம்பனி செய்ய முடிந்தது இவ்வளவுதான்: ஆனையிறவிலிருந்து கிழக்குக் கடற்கரைவரை மூன்று சிறு கோட்டைகளைப் போட்டு, குடாநாட்டின் வாசலைக் காவல் காத்தது. வன்னிக்குள் யார் போகிறார், வெளியே என்ன வருகிறது என்று பார்ப்பதற்கான காவல் அது. எல்லைக்கு அப்பால் அதன் அதிகாரம் யானை வரும்வரை மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் கம்பனியின் பத்திரங்களை நேரே படித்து எழுதிய நூல் 1958இல் வந்தது. 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தர் அதிகாரம் எப்படி வேரூன்றியது என்பதே அதன் பொருள். கம்பனி ஆட்சியை அதன் கணக்குகளின் வழியே பார்க்க விரும்புகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1687இல் அவுரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தார். யாழ்ப்பாணத்து யானையைக் காசு கொடுத்து வாங்கிய அரசவைகளில் முக்கியமான ஒன்று மறைந்தது. அடுத்த நூற்றாண்டில் முகலாயரும் தளர்ந்தார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் போர்க்களத்தில். விரைவாகச் சுடும் துவக்கும் இழுத்துச் செல்லும் இலகு பீரங்கியும் வந்தபின் யானை, எதிரிக்குக் குறிவைக்க வசதியான பெரிய உருவம் என்றாகிவிட்டது. வெடிச்சத்தத்தில் மிரண்டு சொந்தப் படையையே மிதிக்கும். பாரம் இழுக்கவும் ஊர்வலம் போகவும் யானை வேண்டியிருந்தது. அதற்காக யாரும் முழத்துக்குப் பழைய விலை கொடுப்பதில்லை.

யானையால் வருமானம் குறைந்தபிறகு, வன்னியரைத் தாஜா பண்ணிக்கொண்டிருக்கக் கம்பனிக்கு ஒரு காரணம் குறைந்தது. இனி வேண்டியது நெல். நெல்லுக்கு வயல் வேண்டும், வயலுக்கு நிலத்தின்மேல் நேரடி ஆட்சி வேண்டும். 1782இல் படையெடுத்தார்கள். கடுமையான எதிர்ப்பு. வன்னிச்சி மரியா செம்பாத்தை பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டார். தோமஸ் நாகல் என்ற அதிகாரி முல்லைத்தீவில் இருந்துகொண்டு வன்னியை நிர்வகிக்கத் தொடங்கினார். அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடந்தான்; ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள். 1803 ஓகஸ்ட் 25இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிப் பிடித்தான். அங்கிருந்த கப்ரன் வொன் டிரிபேர்க் வள்ளமேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினார். ஒக்ரோபர் 31இல் அதே டிரிபேர்க் திரும்பி வந்து கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தார். அங்கே ஆங்கிலேயர் நட்ட கல் அந்தத் தேதியைத்தான் சொல்கிறது. 1619இல் ஒரு போரில் விழுந்த குடாநாட்டுக்குப் பக்கத்தில், வன்னி விழ 184 வருடம் எடுத்தது.

இடையில் ஒரு சங்கதி. 1633இல் ஒல்லாந்தர் ஓர் இலங்கைப் பெண் யானைக்குட்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஹான்ஸ்கன் என்று பேர் வைத்து ஊரூராக வித்தை காட்டினார்கள். ஓவியர் றெம்பிராண்ட் 1637இல் அதைப் பார்த்து வரைந்தார். 1655இல் அது புளோரன்ஸ் நகரில் இறந்தது. எலும்புக்கூட்டை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். 1758இல் லின்னேயஸ் ஆசிய யானைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அவர் முன்னால் இருந்தது போத்தலில் ஊறவைத்த ஒரு யானைக்கரு. அது ஆசிய யானை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2013இல் அதன் பழைய புரதத்தைச் சோதித்தார்கள்: ஆபிரிக்க யானை! அந்த இனத்தின் பெயருக்குப் பொறுப்பான மாதிரியாக இப்போது வைக்கப்பட்டிருப்பது புளோரன்ஸ் எலும்புக்கூடு. உலகில் எங்கே ஓர் ஆசிய யானையைப் பார்த்து இது இந்த இனம் என்று விஞ்ஞானி சொன்னாலும், முறைப்படி அவர் ஒப்பிட்டுச் சொல்வது இலங்கையிலிருந்து கப்பலேறிய அந்தப் பெண் யானையோடுதான்.

ஆங்கிலேயருக்கு யானை வேண்டியிருக்கவில்லை. வயலை மிதிக்கிறது, பாதையை மறிக்கிறது என்று யானைத் தலைக்குச் சில சிலிங் சன்மானம் அறிவித்தார்கள். 1833இல் உருவான வடமாகாணத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரிதான் தலைமை. அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியும் அப்போது அதற்குள்ளேயே இருந்தது. அந்த மாகாணத்தில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதற்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதாக ரெனன்ற் பதிந்திருக்கிறார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879.